போர்த்துக்கீசிய ஏவல் வினையும் தமிழ் இலக்கண மரபும்: தாமிரபரணிக் கழிமுக ஆவண வாசிப்பை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

முத்துக்குளித்துறை வரலாற்றை ஆராய்வோர் பதினாறாம் நூற்றாண்டுப் போர்த்துக்கீசிய மடல்களை மூலமொழியிலேயே படிக்க வேண்டிய தேவை உள்ளது. அம்மொழியைக் கற்கத் தொடங்கும் தமிழர் முதலில் தடுமாறும் இடங்களுள் ஒன்று ஏவல் வினை. ஆங்கில வழிப் பாடநூல்கள் வழங்கும் விளக்கத்தைவிட ஏவல், வியங்கோள், எதிர்மறை ஏவல் எனத் தமிழ் இலக்கணம் வகுத்த பாகுபாடு இவ்வினைவடிவங்களைத் தெளிவாக விளக்குகிறது என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது. இவ்வேறுபாட்டை அறியாது ஆவணங்களைப் படிப்பதனால் நேரும் பொருள் மயக்கத்தையும் சுட்டுகிறது.

திறவுச்சொற்கள்: ஏவல், வியங்கோள், எதிர்மறை ஏவல், போர்த்துக்கீசியம், முத்துக்குளித்துறை, அன்றீக்கு அன்றீக்கசு, நெல்லை வழக்கு

முன்னுரை

சன்னல், சாவி, மேசை, அலமாரி, பீப்பாய், துவாலை, பேனா, ஏலம், பாதிரி ஆகியன போர்த்துக்கீசியத்திலிருந்து தமிழுக்கு வந்த சொற்களாக அறியப்பட்டவை. இவை அனைத்தும் பெயர்ச்சொற்கள். பண்டங்களும் பதவிகளும் தம் பெயர்களோடு கரையேறின. வினைச்சொற்கள் அவ்வாறு வரவில்லை. தமிழ் பிறமொழி வினையை ஏற்கும்போதும் அதனைப் பெயர்போலக் கொண்டு 'செய்', 'பண்ணு' முதலான துணைவினை சேர்த்தே வழங்குவது இயல்பு. எனவே கடன்சொற்களின் வழியே போர்த்துக்கீசியத்தோடு நமக்குள்ள பழக்கம், அம்மொழியில் ஒருவரை 'வா' என்றோ 'வருக' என்றோ சொல்லத் துணைசெய்வதில்லை. அதற்கு இலக்கணமே வழி.

தாமிரபரணி கடலோடு கலக்கும் புன்னைக்காயலிலும், அதற்கு வடக்கும் தெற்குமான கடற்கரை ஊர்களிலும் பதினாறாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட மடல்களும் அறிக்கைகளும் பெரும்பாலும் போர்த்துக்கீசியத்தில் அமைந்தவை. திருநெல்வேலி, பாளையங்கோட்டை, தூத்துக்குடி வட்டாரங்களில் பரதவர் வரலாறு, கிறித்தவத் தமிழ், அச்சு வரலாறு, நாட்டார் வழக்காறு ஆகிய துறைகளில் ஆராய்வோர் இவற்றை ஆங்கில மொழிபெயர்ப்பின் வழியாகவே பயன்படுத்தி வருவது வழக்கமாகிவிட்டது. ஆங்கிலத்தில் ஏவலுக்கு ஒரே வடிவமே உண்டு. அடிமைக்கும் அரசனுக்கும் இறைவனுக்கும் அதே வடிவம்தான். யார் யாரை எந்நிலையில் வைத்து ஏவினர் என்னும் செய்தி அம்மொழிபெயர்ப்பில் மறைந்துவிடுகிறது. மறைந்ததை மீட்க மூலமொழியின் ஏவல் வடிவங்களை அறிதல் வேண்டும்.

இக்கட்டுரையில் போர்த்துக்கீசியச் சொற்கள் தமிழெழுத்தில் தரப்பட்டுள்ளன. மூக்கொலி உயிர்களைக் காட்டத் தமிழில் தனிக்குறி இல்லாமையால் எதிர்மறைச் சொல் 'நாவ்' என எழுதப்படுகிறது. அதன் உயிரை மூக்கொலியோடு படித்தல் வேண்டும்.

1. கழிமுகத்தில் தொடங்கிய இலக்கண உறவு

இவ்விரு மொழிகளின் வினைவடிவங்களையும் முதன்முதலில் எதிரெதிரே வைத்துப் பார்த்தவர்கள் இக்கடற்கரையில் பணியாற்றியோரே. 1542-இல் இப்பகுதிக்கு வந்த பிரான்சிசு சவேரியார் மன்றாட்டுகளையும் பத்துக் கட்டளைகளையும் தமிழறிந்தோர் துணையுடன் தமிழாக்கி மனனம் செய்து ஓதினார். 1546-இல் இந்தியா வந்த அன்றீக்கு அன்றீக்கசு அடிகளார் மனனத்தோடு நில்லாமல் தமிழின் வினைத்திரிபுகளை விதிகளாகத் தொகுத்தார். அவர் போர்த்துக்கீசியத்தில் எழுதிய தமிழ் இலக்கணத்தின் கையெழுத்துப்படி லிசுபன் தேசிய நூலகத்தில் உள்ளது. அதனை ஆன்சு பெர்மேயர் 1982-இல் பதிப்பித்தார். சீன் ஐன், வி. எசு. ராசம் இருவரும் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு 2013-இல் ஆர்வர்டு கீழ்த்திசை வரிசையில் வெளிவந்தது.

அடிகளார் தம் நூலைப் பயில்வோருக்கு இலத்தீன் இலக்கண அறிவு தேவை என்கிறார். அஃது இல்லாதோர் சுவாம் தெ பாரோசு 1540-இல் வெளியிட்ட போர்த்துக்கீசிய இலக்கணத்தைப் பார்க்கலாம் என்று வழிகாட்டுகிறார். அதாவது தெரிந்த மொழியின் இலக்கணச் சட்டகத்தைக் கொண்டு தெரியாத மொழியை அணுகும் முறை அவருடையது. இலத்தீன் மரபிலிருந்து வந்த குறிப்பு, ஏவல், விழைவு, சார்பு, வினைப்பெயர் ஆகிய வினைநிலைகளுக்குள் தமிழ் வினை பொருத்தப்பட்டது. இக்கட்டுரை அப்பாதையில் எதிர்த்திசையில் செல்கிறது. தமிழ் இலக்கணச் சட்டகத்தைக் கொண்டு போர்த்துக்கீசிய ஏவலை அணுகுகிறது.

1554-இல் லிசுபனில் அச்சான சிறுநூலில் தமிழ் மன்றாட்டுகள் உரோமன் எழுத்தில் போர்த்துக்கீசியப் பொருளோடு இடம்பெற்றன. 1578-இல் கொல்லத்தில் தம்பிரான் வணக்கமும், 1579-இல் கொச்சியில் கிரீசித்தியானி வணக்கமும் தமிழெழுத்தில் அச்சேறின. 1679-இல் அம்பழக்காட்டில் அச்சான அந்தாவ் தெ புரோயென்சாவின் தமிழ் – போர்த்துக்கீசிய அகராதியை, வடக்கன்குளத்தில் ஆசிரியப்பணி ஆற்றிய தனிநாயகம் அடிகள் பின்னாளில் மலாயாப் பல்கலைக்கழகத்திலிருந்து 1966-இல் மறுபதிப்பாக வெளிக்கொணர்ந்தார். இருமொழி ஒப்பீட்டுக்கு வேண்டிய மூலங்கள் இவ்வாறு நமக்குக் கிடைத்துள்ளன.

2. ஏவல் ஒருமையும் வினைப்பகுதியும்

தமிழில் முன்னிலை ஒருமை ஏவல் பெரும்பாலும் வினைப்பகுதியாகவே நிற்கும். நட, வா, உண், கேள் என்பன பகுதியும் ஆகும், ஏவலும் ஆகும். நன்னூலார் வினைப்பகுதிகளின் ஈறுகளைக் காட்ட 23 சொற்களைத் தரும்போது அவற்றை ஏவல் வாய்பாட்டிலேயே வைக்கிறார். ஏவலே வினையின் மிகக் குறுகிய வடிவம் என்பது தமிழ் மாணவர்க்குப் பழகிய கருத்து.

போர்த்துக்கீசியத்திலும் 'து' (நீ) என்னும் முன்னிலை ஒருமைக்குரிய ஏவல் இவ்வாறே குறுகியது. நிகழ்கால முன்னிலை ஒருமை வினைமுற்றின் இறுதிச் சகரத்தை நீக்கினால் ஏவல் கிடைக்கும். 'ஃபாலாஸ்' என்பது பேசுகிறாய். 'ஃபாலா' என்பது பேசு. 'கோமெஸ்' என்பது உண்கிறாய். 'கோமெ' என்பது உண். இவ்விதிக்கு விலகும் வினைகள் மிகச் சில. 'இரு, ஆகு' எனப் பொருள்படும் 'சேர்' என்னும் வினையின் ஏவல் 'சே' என வருவது அவற்றுள் குறிப்பிடத்தக்கது.

3. வோஸ் என்பதும் நீர் என்பதும்

அடுத்த வடிவம் 'வோஸ்' என்னும் முன்னிலைப் பெயருக்குரியது. இது தோற்றத்தில் பன்மை. ஆயினும் ஒருவரை மதித்துக் கூறும்போதும் இதுவே வழங்கியது. இதன் ஏவலும் முன்னர்க் கூறிய முறையிலேயே சகரம் நீங்கி வரும். 'ஃபலாய்ஸ்' என்பது பேசுகிறீர். 'ஃபலாய்' என்பது பேசும். 'இதெ' (செல்லும்), 'வின்தெ' (வாரும்) முதலியனவும் இவ்விதியில் அடங்கும். 'செதெ' (இரும்) என்பது இவ்விதியில் அடங்காமல் தனித்து நிற்கும்.

இன்றைய பாடநூல்கள் பல 'வோஸ்' வடிவத்தைப் பழமை எனக் கூறி விட்டுவிடுகின்றன. அன்றாடப் பேச்சில் அது பெரிதும் வழக்கொழிந்தமையே காரணம். வரலாற்று ஆய்வாளர்க்கோ இதுவே முதன்மையானது.

இங்குத் திருநெல்வேலி மாணவர்க்கு ஒரு வாய்ப்பு உண்டு. தமிழகத்தின் பிற பகுதிகள் பலவற்றில் 'நீர்' என்பது மேடையிலும் மன்றாட்டிலும் மட்டும் எஞ்சியிருக்க, நெல்லை டவுண் ரத வீதிகளில் அது இன்றும் பேச்சுமொழி. 'வாரும்', 'இரும்', 'சொல்லும்வே' என்பன அங்கு இயல்பான ஏவல்கள். இந்த 'நீர்' பெரியோரிடம் கூறும் உயர்ந்த மதிப்புச் சொல் அன்று. அதற்கு 'நீங்க' உண்டு. சிறியோரை விளிக்கும் 'நீ'யும் அன்று. நெருக்கமும் மதிப்பும் கலந்த இடைநிலை அது. பதினாறாம் நூற்றாண்டுப் போர்த்துக்கீசியத்தில் 'வோஸ்' இருந்த இடமும் ஏறத்தாழ இதுவே. நிகரானவர் தம்முள் வழங்கினர். அரசர் தம் ஆளுநருக்கும் அச்சொல்லாலேயே எழுதினார். மிக உயர்ந்தோரை விளிக்க வேறு சொற்கள் பெருகிவந்தன.

ஒருவரைப் பன்மையால் கூறுதல் குறித்துத் தொல்காப்பியர் கூறும் கருத்து ஈண்டு நினைக்கத்தக்கது. அஃது உயர்வு கருதிய வழக்கு. இலக்கண நெறிப்படி அமைந்ததன்று என்பது அவர் கொள்கை. வடிவம் பன்மையைக் காட்ட, வழக்கு ஒருமையைக் காட்டும். இரண்டையும் பிரித்தறிய இடம்நோக்குதல் வேண்டும். 'வோஸ்' வடிவத்தைப் படிப்பதற்கும் இதுவே நெறி.

4. வியங்கோளும் விழைவுநிலை வினையும்

கற்போரை மிகுதியும் குழப்புவது மூன்றாம் வடிவம். 'வொசே' என்னும் முன்னிலைச் சொல்லோடு ஏவல் 'ஃபாலெ' என வரும். 'ஃபாலா' என்பது ஏன் 'ஃபாலெ' ஆயிற்று? 'கோமெ' என்பது ஏன் 'கோமா' ஆயிற்று? ஆங்கில வழிப் பாடநூல் 'உயிரை மாற்றுக' என்று மட்டும் கூறி நகர்ந்துவிடும்.

காரணம் சொல்வரலாற்றில் உள்ளது. 'வொசே' என்பது 'வொஸ்ஸ மெர்சே' என்பதன் தேய்வு. 'உமது அருள்' என்பது அதன் பொருள். எதிரில் இருப்பவரை நேரே சுட்டாமல் அவருடைய அருளைச் சுட்டிப் பேசுவதால் வினை படர்க்கையாகிறது. படர்க்கையை நேரே ஏவ இயலாது. 'அவர் பேசுக' என விழையவே இயலும். அவ்விழைவைக் காட்டும் வினைவடிவத்தைப் போர்த்துக்கீசியர் 'சுப்ஜுந்திவோ' என்பர். இக்கட்டுரை அதனை விழைவுநிலை எனக் குறிக்கிறது. 'ஃபாலெ' என்பது அவ்வடிவமே.

தமிழ் இலக்கணம் அறிந்தோர்க்கு இது வியங்கோள் எனத் தோன்றுதல் இயல்பு. ஒப்புமை வடிவத்தோடு நிற்கவில்லை, வரலாற்றிலும் தொடர்கிறது. வியங்கோள் தன்மையிலும் முன்னிலையிலும் நிலைபெறாது என்பது தொல்காப்பிய விதி. அஃதாவது அது படர்க்கைக்கே சிறப்பாக உரியது. நன்னூலாரோ க, ய, ர் ஆகிய ஈறுகளைக் கொண்ட வியங்கோள் இடம் பால் அனைத்திலும் செல்லும் என்றார். படர்க்கைக்குரிய விழைவு வடிவம் காலப்போக்கில் முன்னிலையை மதித்து ஏவவும் பயன்பட்டது. 'வருக', 'அமர்க' என விருந்தினரை நேரே நோக்கி இன்று கூறுகிறோம். வினாத்தாளில் 'விடை தருக' என்கிறோம். போர்த்துக்கீசியத்தில் 'வேஞ்ஞா' என்னும் சொல்லும் இவ்வழியே சென்றது. 'ஆட்சி வருக' எனப் படர்க்கையை விழையும் அதே சொல், 'தாங்கள் வருக' என முன்னிலை ஏவலாகவும் நிற்கிறது.

இன்றைய போர்ச்சுகலில் மதிப்புக்குரியவரை 'ஒ செஞ்ஞோர்' (ஐயா) எனப் படர்க்கைப் பெயரால் விளித்து இவ்வினையையே வழங்குவர். 'ஐயா அமரட்டும்' என எதிரிலிருப்பவரையே படர்க்கையாக்கிக் கூறும் தமிழ்ப் பேச்சுமுறை இதற்கு இணை. பலரை ஏவ 'ஃபாலெம்' என்றும், தம்மையும் உட்படுத்திப் 'பேசுவோமாக' என்னும் பொருளில் 'ஃபலேமோஸ்' என்றும் வரும். இவையும் விழைவுநிலை வடிவங்களே. வியங்கோள் எல்லா இடத்தும் செல்லும் என்ற நன்னூல் விதியை நினைவில் கொண்டவர்க்கு இவற்றைத் தனித்தனியே மனனம் செய்யும் சுமை இல்லை.

5. எதிர்மறை ஏவல்

ஆங்கிலத்தில் ஏவலின் முன் ஒரு மறுப்புச் சொல் சேர்த்தால் எதிர்மறை ஏவல் அமைந்துவிடும். அப்பழக்கத்தில் கற்போர் 'நாவ் ஃபாலா' எனக் கூறுவது இயல்பான பிழை. இலக்கண வழக்கில் அது 'நாவ் ஃபாலெஸ்' (பேசாதே) என்றே வரும். எதிர்மறையில் எல்லா முன்னிலைச் சொற்களுக்கும் விழைவுநிலை வடிவமே உரியது. நான்கு நிலைகளையும் தமிழோடு இணைத்துக் காட்டலாம்.

து: ஃபாலா – பேசு, நாவ் ஃபாலெஸ் – பேசாதே.
வோஸ்: ஃபலாய் – பேசும், நாவ் ஃபலெய்ஸ் – பேசாதேயும்.
வொசே: ஃபாலெ – பேசுக, நாவ் ஃபாலெ – பேசற்க.
வொசேஸ்: ஃபாலெம் – பேசுங்கள், நாவ் ஃபாலெம் – பேசாதீர்கள்.

தமிழிலும் உடன்பாட்டு ஏவலும் எதிர்மறை ஏவலும் வேறு வேறு அமைப்புடையன. 'பேசு' என்பதோடு 'இல்லை' சேர்த்துப் 'பேசாதே' வருவதில்லை. எதிர்மறைக்குத் தனி வடிவம் உண்டு என்னும் எதிர்பார்ப்பு தமிழ் மாணவரிடம் முன்னரே இருக்கிறது. அதனை எழுப்பிவிட்டால் போதும்.

இப்பாகுபாடு முழுவதையும் ஒரே இடத்தில் காண விரும்புவோர் கத்தோலிக்க வழக்கிலுள்ள இயேசு கற்பித்த மன்றாட்டை இருமொழியிலும் ஒப்பிடலாம். ஆட்சியைப் பற்றிய 'வேஞ்ஞா' தமிழில் 'வருக' என வியங்கோளாக நிற்கிறது. உணவு வேண்டும் 'தாய்' (கொடும்), பிழைபொறுக்க வேண்டும் 'பெர்தொவாய்', மீட்பு வேண்டும் 'லிவ்ராய்' ஆகிய மூன்றும் 'வோஸ்' ஏவல்கள். அவற்றுக்கு நேரே 'அளித்தருளும்', 'பொறுத்தருளும்', 'இரட்சித்தருளும்' என 'நீர்' ஏவல்கள் அமைகின்றன. 'நாவ்' என்பதோடு வரும் 'தெய்ஷெய்ஸ்' எதிர்மறை விழைவு வடிவம், தமிழில் 'விடாதேயும்'. வியங்கோள், ஏவல், எதிர்மறை ஏவல் மூன்றும் இரு மொழியிலும் அதே இடங்களில் மாறி மாறி வருகின்றன. வகுப்பறையில் போர்த்துக்கீசிய ஏவலைக் கற்பிக்க இதனினும் சுருக்கமான பாடம் அரிது.

6. ஏவல் வடிவம் பெறாத கட்டளைகள்

எல்லாக் கட்டளையும் ஏவல் வினையால் அமைவதில்லை. ஆவணங்களில் மூன்று அமைப்புகள் மிகுதியாக எதிர்ப்படும்.

முதலாவது, எதிர்கால வினைமுற்று. பத்துக் கட்டளைகளில் 'ஒன்ரராஸ்' (மதிப்பாய்) என எதிர்காலத்தால் கட்டளையிடும் வழக்கு உண்டு. 'மதிப்பாயாக' என எதிர்கால முற்றோடு 'ஆக' சேர்ந்த தமிழ் வியங்கோள் இதற்கு நெருங்கியது.

இரண்டாவது, வினைப்பெயர் நிலை. அதே கட்டளை மறைக்கல்வி நூல்களில் 'ஒன்ரார்' (மதித்தல்) எனவும் வரும். இன்றைய அறிவிப்புப் பலகைகளிலும் இவ்வடிவம் பரவலானது. யாரையும் குறிப்பாகச் சுட்டாமல் எல்லாரையும் ஏவுவது இதன் பயன். தமிழ் அறிவிப்புகளில் 'அணுகவும்', 'வரிசையில் வரவும்' எனச் செயவென் எச்சத்தோடு உம்மை சேர்ந்து வருவதும் இத்தகையதே.

மூன்றாவது, தலைமை வினையோடு விழைவுநிலை சேர்ந்த தொடர். 'மாந்தொ கெ' (…செய்யுமாறு கட்டளையிடுகிறேன்), 'ரோகொ-வொஸ் கெ' (…செய்யுமாறு உம்மை வேண்டுகிறேன்) என்பன இவ்வகை. அரச ஆணைகளில் முன்னதும் மடல்களில் பின்னதும் பயில்வன. 'வேண்டுகிறேன்' என்பது சொல்லளவில் வேண்டுகோளாயினும், மேலாளர் எழுதும்போது அது கட்டளையே.

7. ஆவண வாசிப்பில் நேரும் மயக்கம்

1544-ஆம் ஆண்டில் சவேரியார் மணப்பாடு, புன்னைக்காயல் முதலிய ஊர்களிலிருந்து தம் உடன்பணியாளர் பிரான்சிசுகு மான்சிலாசு என்பவருக்கு எழுதிய மடல்கள் முத்துக்குளித்துறை ஆய்வுக்கு அடிப்படைச் சான்றுகள். அவற்றின் பெரும்பகுதி ஏவல்களே. இதைச் செய்யும், அவரைப் பாரும், எனக்கு எழுதும் என அவை தொடர்கின்றன. 'எனக்கு எழுதும்' என்பதற்குரிய 'எஸ்க்ரெவெய்-மெ' என்னும் வடிவம் 'வோஸ்' ஏவல்.

இவ்வடிவத்தை இலக்கண அட்டவணையில் மட்டும் பார்ப்பவர் 'முன்னிலைப் பன்மை' எனக் குறித்துக்கொள்வார். அவ்வாறாயின் மடல் ஒரு குழுவுக்கு எழுதப்பட்டது என்றோ, ஏவப்பட்ட பணி பலருக்கு உரியது என்றோ முடிவு செய்ய நேரும். உண்மையில் ஏவப்பட்டவர் ஒருவரே. மறுபுறம், ஒருவருக்கு எழுதிய மடலிலேயே ஊரார் பலரையும் உளப்படுத்திய உண்மைப் பன்மை வருமிடமும் இருக்கலாம். வினைவடிவம் இரண்டிடத்தும் ஒன்றாகவே இருக்கும். சூழலே பொருளைத் தீர்மானிக்கும். ஆங்கில மொழிபெயர்ப்பில் இவ்வினாவே எழாது.

மதிப்புநிலை பற்றிய முடிவுகளிலும் இம்மயக்கம் நேரும். பரதவர் தலைவர்களான பட்டங்கட்டிகளுக்கும் போர்த்துக்கீசியத் தலைவர்களுக்கும் இருந்த உறவை ஆராய்பவர், ஓர் ஆவணத்தில் விளிப்பு 'து' என உள்ளதா, 'வோஸ்' என உள்ளதா, 'வொஸ்ஸ மெர்சே' என உள்ளதா என்பதை முதலில் நோக்க வேண்டும். 'வோஸ்' எனக் கண்டவுடன் உயர்மதிப்பு எனக் கொள்வதும் தவறு. இழிவு எனக் கொள்வதும் தவறு. நெல்லைப் பேச்சின் 'நீர்' போல அதன் எடையைப் பேசுவோரின் நிலை அறிந்தே அளத்தல் வேண்டும். விளிப்புச் சொல் ஆவணத்தில் வெளிப்படையாக இல்லாதபோது வினை ஈறு ஒன்றே சான்றாக எஞ்சும். ஏவல் இலக்கணம் சமூக வரலாற்றுச் சான்றாக மாறும் இடம் இது.

8. ஒப்புமையின் எல்லை

மேற்காட்டிய ஒப்புமைகள் இரு மொழிகளுக்கிடையே இனவுறவையோ கடன்பேற்றையோ காட்டுவன அல்ல. மதிப்பை வெளிப்படுத்தப் பன்மையையும் படர்க்கையையும் நாடுதல் பல மொழிகளில் தனித்தனியே நிகழ்ந்துள்ளது. மேலும் போர்த்துக்கீசிய விழைவுநிலை ஏவலில் மட்டுமன்றி ஐயம், நிபந்தனை, நோக்கம் முதலிய சார்புத் தொடர்களிலும் வரும். வியங்கோளுக்கு அப்பரப்பு இல்லை. இன்றைய ஐரோப்பிய வழக்கில் உடன்பாட்டு ஏவலில் வினைக்குப் பின் ஒட்டிவரும் 'மெ' (எனக்கு) போன்ற பெயர்கள் எதிர்மறையில் வினைக்கு முன் செல்லும். இதற்குத் தமிழில் இணையில்லை. பிரேசில் பேச்சுவழக்கில் 'வொசே' என விளிப்பவரே 'ஃபாலா' என ஏவுவதும் உண்டு. இவற்றைத் தனியே கற்றல் வேண்டும்.

முடிவுரை

போர்த்துக்கீசிய ஏவலின் நான்கு வடிவங்களும் தமிழ் இலக்கணம் அறிந்தவர்க்குப் புதிய கருத்துகள் அல்ல. ஏவல் ஒருமை, மதிப்புப் பன்மை, வியங்கோள், எதிர்மறை ஏவல் என அவர் முன்னரே அறிந்தவை வேறு ஒலியில் வருகின்றன.

பாடத்திட்டம் வகுப்போர் 'வோஸ்' வடிவத்தை வழக்கொழிந்தது எனத் தள்ளாமல் முதலிலேயே வைத்தல் நலம். 'நீர்' வழியாக அதனையும், 'வருக' வழியாக விழைவுநிலையையும், 'பேசாதே' வழியாக எதிர்மறையையும் அறிமுகப்படுத்தினால் தொடக்கநிலை மாணவரும் ஏவல் தொடர்களைப் பொருளுணர்ந்து படிக்க இயலும். நெல்லைப் பகுதிக் கல்லூரிகளின் தமிழ், வரலாறு, நாட்டார் வழக்காற்றியல் துறைகள் இணைந்து இத்தகைய குறுகிய வாசிப்புப் பயிற்சியை நடத்துதல் பயன்தரும்.

அன்றீக்கு அடிகளார் தம் மொழியின் இலக்கணத்தைத் துணைக்கொண்டு தமிழைக் கற்றார். அவரும் அவர்தம் உடன்பணியாளரும் இக்கரையில் எழுதிவைத்தவற்றைத் தொல்காப்பியமும் நன்னூலும் கற்ற கண்ணோடு படிப்பது இனி நம் ஆய்வாளர்க்கு உரிய பணி.